மாங்காய் வரிசையும் தேவகியம்மாவின் தளமும்

நேற்று திருப்பதியில் உங்கள் பயிற்சி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினால் அவன் பேசாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு அது வராது. ட்ரோன் எடுத்த படம் ஒன்றைத் திரையில் போட்டீர்கள். அடேயப்பா, என்ன தெளிவு! மொட்டை மாடியில் காயவைத்த மிளகாய் வரைக்கும் தெரிந்தது. உடனே கையைத் தூக்கி, "இது எந்த மாசம் எடுத்த படம்?" என்று கேட்டேன். பாதிப் பேர் சிரித்தீர்கள். பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

டீ குடிக்கும்போது உங்களில் ஒரு பெண் வந்து, "ஏன் சார் அப்படிக் கேட்டீங்க?" என்றாள். சொல்ல ஆரம்பித்தேன், அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டார்கள். பாதியில் விட்ட கதை தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி, இரவெல்லாம் உறுத்தியது. எழுதியே தீர்த்துவிடுகிறேன். நகரத் திட்டமிடல் என்றால் மஞ்சள், ஊதா, பச்சை என்று வண்ணம் அடிப்பது என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு அவரிடமும் காட்டுங்கள்.

சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகிற பக்கம், பெரிய சாலையிலிருந்து ஒரு கிளைச்சாலை பிரியும். அதில் கொஞ்ச தூரம் போனால் மாங்கூழ் எடுக்கும் தொழிற்சாலை. அதையும் தாண்டி, சாலை முடிகிற இடத்தில் அரசு நிலம். அங்கேதான் ஏழைகளுக்கான வீட்டுமனை லேஅவுட் போட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து கையெழுத்தான பிறகு நான் அங்கே திட்டமிடல் அதிகாரியாக மாற்றலாகி வந்தேன். வரைபடத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: மனைகள், தெருக்கள், பூங்காவுக்கு விட்ட இடம், எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை போல. உள்ளே போக வர ஒரே வழி, அந்தக் கிளைச்சாலை. போக்குவரத்துக் கணக்கை ஒரு தனியார் குழு தை மாதத்தில் எடுத்திருந்தது. தை மாதத்தில் அந்தச் சாலையில் நாய் படுத்துத் தூங்கும். ஒரு வழி போதும், தாராளம் என்று எழுதியிருந்தார்கள்.

மனை கிடைத்தது ஊருக்குள் கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்களுக்கு. தமிழ் பேசுகிறவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போனவர்கள். பட்டா கொடுத்தும் யாரும் கரையை விட்டு நகரவில்லை. "அவ்ளோ தூரத்துல கட்டி, அது சரியில்லாம போனா எங்க போறது சார்?" என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் ஐப்பசி மழைக்கு அந்தக் கால்வாய் பொங்கும். முந்தின வருடம் குடிசைகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். இன்னொரு மழைக்கு முன்னால் அவர்கள் அங்கிருந்து வர வேண்டும் என்பதுதான் என் கவலை.

தைரியமாக முதலில் கட்ட வந்தவர் தேவகியம்மா ஒருவர்தான். கணவர் இல்லை. மாங்காய் மண்டியில் காய் பிரிக்கும் வேலை. அவர் பேசினால் மண்டியின் இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். "நான் கட்டிக் காட்டறேன், அப்பால வாங்கடி" என்று மற்ற பெண்களிடம் சொல்லிவிட்டு வந்தவர். காலனியின் முதல் கான்கிரீட் கூரை அவருடையது. அது நன்றாக அமைந்தால் கரை முழுக்க வரும். கெட்டுப்போனால் ஒரு குடும்பமும் வராது. அவ்வளவுதான் கணக்கு.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் கூரைக்குத் தளம் போட ஏற்பாடு. முதல் தளம் ஆயிற்றே, பார்க்காமல் இருக்க முடியுமா? உங்களைப் போலப் புதிதாகச் சேர்ந்திருந்த ஸ்ராவணியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். நாங்கள் போகும்போது கிளைச்சாலையின் ஓரமாக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் நின்றிருந்தன. ஒற்றை வரிசை, பக்கத்தில் வழி இருந்தது. பெங்களூரா ரக மாங்காயின் பால் வாசனை ஜீப்புக்குள் குப்பென்று அடித்தது. "வாசன பாகுந்தி சார்," நல்ல வாசனை என்று ஸ்ராவணி மூச்சை இழுத்தாள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் நகரி பக்கம் நெல்லும் கரும்பும்தான். மாங்காய்க்காரர்களின் ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்?

தேவகியம்மா வீட்டில் கல்யாணக் களை. மிக்சர் மிஷின் கடகடவென்று சுற்றுகிறது. ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சட்டியை மேலே ஏற்றுகிறார்கள். பின்பக்கம் மூன்று கல் அடுப்பில் கோழிக் குழம்பு. தளம் போடுகிற நாளில் வீட்டுக்காரர் வேலைக்காரர்களுக்குக் கறிச்சோறு போட வேண்டும், அது நம் பக்கத்து வழக்கம். கரையிலிருந்து பெண்கள் எல்லோரும் வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். வேடிக்கை இல்லை அது, பரீட்சை. ஒவ்வொருத்தியின் கண்ணும் அந்தக் கூரை மேல்தான்.

பின்சுவரிலிருந்து ஆரம்பித்துப் பாதித் தளம் முடிந்தபோது ஜல்லி தீர்ந்தது. மனை சின்னது, தெருவும் சின்னது. மிஷின் நிற்க இடம் விட்டால் ஒரு லோடு ஜல்லிதான் கொட்ட முடியும். அதனால் இரண்டாவது லோடு டிப்பரில் சரியான நேரத்துக்கு வரும்படி சொல்லியிருந்தார் மேஸ்திரி. டிப்பர் டிரைவருக்குப் போன் போட்டார். "பெரிய ரோட்டுலயே நிக்கிறேன் மேஸ்திரி. உள்ள ஒரு சைக்கிள் கூட நுழையாது!" என்றான் அவன்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். தொழிற்சாலையில் ஏதோ மிஷின் நின்று, காய் இறக்குவதை நிறுத்தியிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை போட்டுவிட்டார்கள். காய் இறக்கிவிட்டுத் திரும்பிய காலி வண்டிகள் எதிரே வந்து முகத்தோடு முகம் இடித்துக்கொண்டு நிற்கின்றன. தொழிற்சாலை கேட்டிலிருந்து பெரிய சாலை வரைக்கும் டிராக்டர், டிராக்டர், டிராக்டர்! ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் முள்வேலி. முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது.

தளத்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். போட்ட கலவை இறுகிவிட்டால் அடுத்துப் போடுவது அதோடு சேராது. பார்வைக்கு ஒட்டினாற்போல் இருக்கும், மழை வந்தால் அந்தக் கோட்டில் ஒழுகும். கட்டிடம் இருக்கிற வரைக்கும் ஒழுகும். அதுவும் ஜூன் வெயிலில் கலவை எவ்வளவு நேரம் காத்திருக்கும்? நாங்கள் ஓடும்போதே மேஸ்திரி கோணிச் சாக்குகளை நனைத்து ஓரத்தில் மூடிவிட்டு, "சீக்கிரம் சார், சீக்கிரம்!" என்று மேலிருந்து கத்தினார்.

ஸ்ராவணி போனைக் கையில் எடுத்துவிட்டாள். "சார், போலீசுலக்கு போன் செய்யமண்டாரா?" போலீசுக்குப் போன் பண்ணட்டுமா என்றாள்.

வேண்டாம் என்றேன். அவளுக்கு ஆச்சரியம். கேளுங்கள், இதுதான் நம் வேலையில் தலை சூடாகிற நேரம், அப்போதுதான் தலை வேலை செய்ய வேண்டும். போலீஸ் வந்தால் லத்தியை ஆட்டும். டிரைவர்கள் வண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தோப்புக்குள் ஓடிவிடுவார்கள். அப்புறம் சாவியும் இல்லாத, ஆளும் இல்லாத அத்தனை டிராக்டரையும் யார் நகர்த்துவது? நானா, அவளா?

கேட்டுக்கு நேரே நின்ற முதல் வண்டிக்குப் போனேன். கேட்டைத் தாண்டிக் காலனி வரைக்கும் சாலை காலியாகக் கிடந்தது. முதல் வண்டி முன்னே போனால் இரண்டாவது போகும், மூன்றாவது போகும், மொத்த வாலும் இழுபட்டுக்கொண்டு வந்துவிடும். டிரைவர் முனிரத்தினம், கார்வேட்டிநகரம் பக்கத்து ஆள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"நவுற மாட்டேன் சார்," என்றான் நிமிராமலே. "முந்தாநேத்துலேர்ந்து இங்கயே துன்னு, வண்டிக்கு அடியிலயே தூங்கிக்கினு கீறேன். இப்பத்தான் கேட்டு கண்ணுக்குத் தெரியுது. இத உட்டுட்டு முன்ன போனா பின்னாடி இருக்கறவன் உள்ள பூந்துடுவான். மறுபடி வால்ல போய் நிக்க நான் இன்னா பைத்தியமா? காய் பழுத்துப் போச்சுன்னா நீங்களா வாங்கிப்பீங்க?"

எனக்குக் கோபம் வந்தது, அடுத்த நிமிடமே போய்விட்டது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அந்த வரிசைக்குச் சீட்டு கிடையாது, டோக்கன் கிடையாது. வண்டி நிற்கிற இடம்தான் டோக்கன். நகர்ந்தால் தொலைந்தது. சாலையை மறிக்க வேண்டும் என்று அங்கே ஒருத்தனுக்கும் ஆசையில்லை, தன் முறையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் முறையை வேறு யாராவது காப்பாற்றிக் கொடுத்தால் வண்டி நகரும்! திரும்பிப் பார்த்தேன். காலனி முகப்பில் முள்கம்பி போட்டுப் பூங்காவுக்கு விட்ட இடம். பூங்கா என்று பெயர்தான், நட்ட கன்றுகளை எப்போதோ ஆடு மேய்ந்துவிட்டது. அத்தனை வண்டியையும் உள்ளே நிறுத்தலாம்.

ஆனால் பூங்கா இடத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதிக்காக எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன்! ஒரு லாரி நிறுத்தினாலே நோட்டீஸ் அனுப்புகிற ஆள் நான். மேலதிகாரிக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏமன்னா அயித்தே பாத்யத நீதே," ஏதாவது ஆனால் பொறுப்பு உன்னுடையது என்று சொல்லி வைத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீங்களும் இந்தப் பதிலை நிறையக் கேட்கப் போகிறீர்கள். எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது. "பூங்காக் கம்பியைப் பிடுங்குங்க!" என்று கூட வந்த ஆட்களிடம் சொன்னேன்.

அதற்குள் தேவகியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையெல்லாம் சிமெண்டோடு வந்து நின்றார்.

"இன்னாடா முனிரத்தினம், மொத வண்டி உன்னுதுதானா?"

அவன் துள்ளி எழுந்தான். "அக்கா! நீ இன்னா பண்ற இங்க?"

"ஊடு கட்டிக்கினு கீறேன்டா. அடுப்புல கோழி கொதிக்குது, மேல தளம் பாதியில நிக்குது. என் ஜல்லி வண்டி உன் பின்னாடி மாட்டிக்கினு கீது."

"அக்கா, எனுக்கு மட்டும் ஆசையா? நான் நவுந்தா என் எடம் போய்டும்."

நான் குறுக்கே புகுந்து திட்டத்தைச் சொன்னேன். இப்போது நிற்கிற வரிசைப்படி ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர். அந்த நம்பர்ப்படி பூங்காவுக்குள் நிற்கட்டும். கேட் திறந்ததும் அதே நம்பர்ப்படி வெளியே வரட்டும். முனிரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சாரு நல்லாத்தான் சொல்றாரு. சாயந்தரம் ஆனா ஜீப்பு ஏறிப் போய்டுவாரு. அப்பால யார் கேக்கறது? அக்கா, நீ நில்லு. கடேசி வண்டி போற வரைக்கும் நீ அங்க வாசல்ல நிக்கணும். மண்டியில என் காய இதுவரிக்கும் நீ ஏமாத்துனது இல்ல. நீ நின்னா நான் போறேன்."

பாருங்கள்! அரசாங்க ஜீப்பு, அடையாள அட்டை, என் பதவி, ஒன்றுக்கும் அங்கே காலணா மதிப்பில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தேவகியம்மா ஒரு கணம் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நிக்கறேன்டா," என்றார். "உன் முறைய எவனாச்சும் தாண்டுனா, நீ டிராக்டர எடுத்துக்கினு வந்து என் ஊட்டு மேல உடு."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு உட்கார முடியவில்லை. அஸ்திவாரக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கரைப் பெண்கள் ஆளுக்கொரு டப்பாவில் எடுத்துக்கொண்டார்கள். ஸ்ராவணி முன்னால் ஓட, அவர்கள் பின்னால் ஓட, ஒவ்வொரு டிரெய்லரின் பின்பலகையிலும் பெரிதாக வெள்ளை நம்பர். பக்கத்து வரிசையில் வந்து சொருகியவர்களுக்கு வாலில் நம்பர். "ஏய், நீ அப்பால வந்தவன், எனுக்குத் தெரியும்!" என்று டிரைவர்களே ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்தார்கள். தொழிற்சாலைக் காவலாளியிடம் போய், நம்பர் இல்லாத வண்டியை உள்ளே விடக்கூடாது என்று சொன்னேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தினமும் திட்டு வாங்குகிறவர் அவர்தானே!

முனிரத்தினம் வண்டியைக் கிளப்பினான். கேட்டைக் கடக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கணும். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற அப்பன் மாதிரி கேட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். அவன் போனதும் இரண்டாவது. மூன்றாவது. பின்னால் பின்னால் இஞ்சின்கள் உறுமி எழுந்தன. காலி வண்டிகளுக்கு வழி கிடைத்தது. புழுதி, சத்தம், விசில்! நான் சாலை நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். என் சட்டை என்ன நிறம் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில், அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது பாருங்கள், ஜல்லி டிப்பர்! பெண்கள் கத்திய கத்தில் என் காது அடைத்துவிட்டது. ஸ்ராவணி குதித்தாள். நானும் குதித்தேன் என்று அவள் பிற்பாடு அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்தாள். பொய்யில்லை.

மேலே மேஸ்திரி சாக்கை விலக்கி, ஓரத்தில் கம்பியைக் குத்திப் பார்த்தார். நாங்கள் கீழே அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"பச்சையாத்தான் கீது, இன்னும் இறுகல! கொட்டுங்கடா, கொட்டுங்க!"

பிறகு அந்த லேஅவுட்டுக்கு இன்னொரு பக்கமாக இரண்டாவது வழி வாங்கினோம். தொழிற்சாலையை ஒட்டி வண்டிகள் காத்திருக்க ஒரு திடல், மாஸ்டர் பிளான் திருத்தத்தில் தனியாக இடம் பிடித்தது. பூங்கா இடத்தைத் தொட்டதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன், விட்டுவிட்டார்கள். நீங்கள் செய்தால் விடுவார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. விதியை மீறுங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு நிலத்துக்கு வண்ணம் கொடுக்கும்முன் அங்கே தை மாதத்தில் யார் நிற்கிறார்கள், ஆனி மாதத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். வழியை மறிக்கிறவனைப் பார்த்தால், அவன் எதை இழக்கப் பயப்படுகிறான் என்று முதலில் கண்டுபிடியுங்கள். நான் நேற்று மாசம் கேட்டது இதற்குத்தான்.

தளம் போட்ட அன்று பிற்பகலில் தொழிற்சாலை கேட் திறந்தது. தேவகியம்மா பூங்கா வாசலில் நின்று நம்பர் நம்பராகக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய சொந்தக் கூரை அங்கே நிறைந்துகொண்டிருந்தது, அவர் இங்கே டிராக்டருக்கு நடுவில். தளம் முடிந்து தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். "நீங்களே உடைங்கடி, என்ன நம்பி வண்டிங்கள உட்டுட்டு நிக்கறாங்க," என்று சொல்லிவிட்டார். கறிச்சோற்றை வாசலிலேயே நின்றபடி தின்றார், பக்கத்தில் நின்ற டிரைவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கை கொடுத்தார். முனிரத்தினம் காய் இறக்கியதும் பூங்கா வாசலுக்குத் திரும்பி வந்து கும்பிட்டுவிட்டுப் போனான். ஒரு வண்டி கூட முறை தாண்டவில்லை. கடைசி டிராக்டர் வெளியே போகும்போது வெயில் இறங்கிவிட்டது. மனுஷி மத்தியானத்திலிருந்து தன் வீட்டுத் தளத்தைக் கண்ணால் பார்க்கவே இல்லை. எனக்குத் தாங்கவில்லை, "வாங்கம்மா, போதும், வந்து பாருங்க," என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போனேன்.

ஈரத் தளத்தில் கால் வைக்க முடியாது. ஏணியில் பாதி ஏறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே கரைப் பெண்கள் அத்தனை பேரும் அண்ணாந்து நிற்கிறார்கள். தேவகியம்மா தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்வையை ஓட்டினார், மறுபடியும் ஓட்டினார்.

"மேஸ்திரி, மத்தியானம் எங்க நின்னுச்சு? அந்த எடத்தக் காட்டு," என்றார்.

மேஸ்திரி இன்னொரு ஏணியில் ஏறிப் பார்த்தார். இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"தெரியலியேம்மா," என்றார்.

"நல்லாப் பாரு!"

"சத்தியமா எனுக்கே தெரியலம்மா."

தேவகியம்மா ஏணியிலிருந்தபடியே கீழே நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "கேட்டீங்களாடி?" என்றார். மறுநாள் காலையில் கரையிலிருந்து இரண்டு குடும்பங்கள் தங்கள் மனைக்குக் கோடு போடச் சுண்ணாம்பு கேட்டு வந்தன.